பழைய வீட்டுப்படம், ஊர்ப்படம்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஓர் ஊரின் ஏர் உழவும் அறுவடையும் பள்ளி விளையாட்டு விழாவும் பாலத் திறப்பும் அரசு ஆவணங்களில் அசையும் படமாக இருப்பது அபூர்வம். கேமரா வைத்திருந்த ஓர் ஆசிரியரோ மருத்துவரோ கடைக்காரரோ எடுத்த நாலைந்து ரீல்களில்தான் அவை இருக்கும். அவற்றுக்குப் பெரும்பாலும் வேறு பிரதியும் கிடையாது. வீட்டுப்படக்காரர்கள் வாங்கியது ரிவர்சல் பிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவி வந்து திரையிலும் ஓடியது. நெகட்டிவ் என்று ஒன்று இல்லை. ஆகவே முதல் சோதனைக்கு மின்சாரம் வேண்டாம். மூக்கு, கண், விரல் போதும். "ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று புரொஜெக்டரில் மாட்டியதில் கிழிந்த ரீல்கள் எண்ணில் அடங்கா.

கையில் இருப்பது என்ன பிலிம் என்று தெரியாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம். அகலத்தை அளங்கள். 16 மி.மீ. 1923-இல் வந்தது. 9.5 மி.மீ. அதற்கு முந்தைய ஆண்டு, 1922-இல் வந்தது; துளை ஓரத்தில் இல்லாமல் இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்தால் அது இதுதான். 8 மி.மீ. அகலமென்றால் இரண்டு வகை: 1932-இல் வந்த ரெகுலர் 8, 1965-இல் வந்த சூப்பர் 8. ரெகுலர் 8-இல் துளை பெரிது. இரு படங்கள் சந்திக்கும் கோட்டருகே இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறிது. படத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும். ரீலின் நடு ஓட்டையும் காட்டிக்கொடுக்கும்: ரெகுலர் 8-க்குச் சிறியது, சூப்பர் 8-க்குப் பெரியது. ஆனால் எவரோ ரீல் மாற்றிச் சுற்றியிருக்கலாம், துளையையே நம்புங்கள்.

35 மி.மீ. சுருள் வந்து, விளிம்பில் 'சேஃப்டி' என்ற எழுத்து இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ.யில் நைட்ரேட் பிலிம் புழக்கத்தில் இருந்தது. அது தீப்பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. சுற்றைப் பிரிக்காமல், வெயிலும் சூடும் படாத இடத்தில் தனியே வைத்துவிட்டு, திரைப்பட ஆவணக்காப்பகம் ஒன்றைக் கேளுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை

படத்தைத் தாங்கும் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைகிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அசிடேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும். பிரிந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடிக்கொண்டே போகும். நிறுத்த வழியில்லை, மெதுவாக்கத்தான் முடியும்.

எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு மூக்கு நல்ல அளவுகோல் அல்ல. பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஏ-டி ஸ்ட்ரிப் எனப்படும் நீலநிறச் சோதனைத்தாளை மூடிய டப்பாவுக்குள் சுருளோடு வைத்து, அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். நீலமாகவே இருந்தால் 0. பச்சைக்கு மாறி, மஞ்சளானால் 3. வேகமெடுக்கும் கட்டம் 1.5. அதைத் தொட்டுவிட்ட ரீலை வரிசையில் முதலாவதாக ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

வாடை வரும் ரீலை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. அமில ஆவி பக்கத்து ரீலையும் பிடிக்கும். துருப்பிடித்த தகர டப்பாவை விட்டு, காற்றுத்துளை உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டிய ஒலிப்படங்கள் சீக்கிரமே கெடும். பட்டையிலுள்ள இரும்பு ஆக்சைடு சிதைவைத் துரிதப்படுத்தும். ஸ்கேனுக்குக் காலமாகும் என்றால் உறைபெட்டியில் வைக்கலாம். காற்றை வெளியேற்றிய பையில் இட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஈரங்காட்டும் அட்டை ஒன்றை வையுங்கள். வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஏறக்குறைய ஒரு நாள், பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சுருள்மேல் வியர்த்துவிடும்.

சுருள் பாலியெஸ்டரா என்பதையும் பாருங்கள். ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பாலியெஸ்டர் சுற்று ஒளியைக் கடத்தும். அசிடேட் இருண்டு நிற்கும். பாலியெஸ்டருக்குக் காடி நோய் வராது.

சுற்றின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

இரண்டில் ஒன்று. லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிளைவிட்ட நூல்போல, சிலந்திவலைபோலப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். பொடியாகவோ ஊசிப் படிகமாகவோ இருந்து காடி வாடையும் சேர்ந்தால், அடித்தளத்தை வளையவைத்த பிளாஸ்டிசைசர் வெளியே கசிந்து உறைந்திருக்கிறது.

படிகம் என்றால் மென்துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் சுருள் முற்றிய நிலையில் இருக்கிறது என்று பொருள். பூஞ்சணம் என்றால் முகக்கவசம், கையுறை. அந்த ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே உள்ள அறையில் சில வாரம் காயவிடுங்கள். காய்ந்தபின் வெளியே, காற்றோட்டத்தில், மென்துணியால் பூஞ்சணத்தைத் துடையுங்கள். படம் வரை இறங்கியிருந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, சுருள் மெதுவாக நகர நகர, துணியின் புதிய பகுதியை மாற்றிக்கொண்டே போங்கள். காந்தப் பட்டை உள்ள சுருளில் முதலில் முனையில் ஓரங்குலம் சோதியுங்கள். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு, பூஞ்சணம் தின்றபின் நீரில் கரையும். துணியோடு படமும் வந்துவிடும்.

படம் குதிக்கிறது, நடுங்குகிறது, கடகடவென்று சத்தம்

புரொஜெக்டரை நிறுத்துங்கள். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

கேட்டுக்கு, அதாவது விளக்கின் முன் படம் நின்று போகும் இடுக்குக்கு, மேலும் கீழும் சுருள் தளர்வாக ஒரு வளைவு விட்டிருக்க வேண்டும். வளைவு போய் இறுகியிருந்தால், சுருளை இழுக்கும் நகம் துளையைத் தவறவிட்டுக் கிழிக்கத் தொடங்கும். பழைய ஒட்டுகளிலும் இதுவே நடக்கும்: ஒட்டு தடிமனாக இருந்தால் அது கேட்டைக் கடக்கும் நொடியில் வளைவு போய்விடும்.

வளைவு சரியென்றால் சுருக்கத்தை அளங்கள். வயதான அசிடேட் நீளத்தில் சுருங்கும், துளைக்குத் துளை தூரம் குறையும், நகம் பொருந்தாது. ஒரு துளையின் விளிம்பிலிருந்து எண்ணி நூறாவது இடைவெளி முடியும் வரை எஃகு அளவுகோலில் அளங்கள். சுருங்காத 16 மி.மீ. சுருள் 760 முதல் 762 மி.மீ. வரை காட்டும், ரெகுலர் 8 ஏறக்குறைய 381, சூப்பர் 8 ஏறக்குறைய 423. 0.8 சதவீதம் குறைந்துவிட்டால், அதாவது 16-இல் 6 மி.மீ., 8 வகைகளில் 3 மி.மீ. குறைந்தால், அந்தச் சுருளைப் புரொஜெக்டரில் ஏற்ற வேண்டாம். பல்சக்கரம் இல்லாமல் உருளைகளில் ஓடி, லேசரிலோ கேமராவிலோ துளையைப் பார்த்துப் படத்தை நிறுத்தும் ஸ்கேனர்தான் அதற்குத் தோது.

சுருக்கமும் இல்லையென்றால் துளைகளைத் தடவிப் பாருங்கள். விளிம்பை இரு விரலுக்கிடையே மிக லேசாகப் பிடித்து, மெதுவாகச் சுற்றினால் கிழிசல் தட்டுப்படும். துளைபோட்ட ஒட்டுநாடா அந்தந்த அகலத்துக்கே தனியாக உண்டு, அதனால் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப் போட்டு ஒட்டிய ரீல்கள் நிறைய வரும். அதன் பசை ஊறி அடுத்த சுற்றைப் பிடித்துக்கொள்ளும், உரித்தால் படம் உரியும். அசிடேட்டுக்கு சிமென்ட் ஒட்டும் உண்டு. பாலியெஸ்டரில் அது பிடிக்காது.

இயந்திரத்தையும் விட்டுவிட வேண்டாம். பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்த புரொஜெக்டரில் ரப்பர் பெல்ட் தாராக உருகியிருக்கும், கிரீஸ் கெட்டியாகியிருக்கும். வெற்று ரீல் மாட்டி முதலில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கேட்டில் படிந்த கசடை மரக்குச்சியால் சுரண்டுங்கள். உலோகம் பட்டால் அந்தக் கீறல் இனி ஓடும் எல்லாச் சுருளிலும் விழும். படம் நின்ற இடத்தில் பழுப்புக் குமிழி விட்டு உருகினால் சுருள் சிக்கியதும் விளக்கு அணையவில்லை, அல்லது வெப்பத் தடுப்புக் கண்ணாடி விழுந்திருக்கிறது என்று அறியலாம்.

ஒரே சட்டத்தில் நான்கு படங்கள், பாதி தலைகீழாக

இது பழுதே அல்ல. ரெகுலர் 8 கேமராவுக்குள் 16 மி.மீ. அகலத்தில் போகும், ஒரு பாதி எடுத்ததும் ரீலைத் திருப்பி மறுபாதி எடுப்பார்கள், கழுவிய பிறகு லேபில் நெடுக வெட்டி ஒட்டுவார்கள். வெட்டாமல் வந்த சுருள் இது. நீங்களும் வெட்ட வேண்டாம். அப்படியே 16 மி.மீ. ஸ்கேனரில் ஓட்டி, கோப்பில் பிரித்துக்கொள்ளலாம்.

கடைப் பெயர்ப்பலகை இடம்வலம் மாறித் தெரிந்தால் சுருள் புறம் மாறி ஏறியிருக்கிறது. ஸ்கேன் கோப்பில் திருப்பினால் போதும். ஊர்க் காட்சிகளில் தெருவின் எந்தப் பக்கம் கோயில், எந்தப் பக்கம் குளம் என்பதே பின்னால் சாட்சி ஆவதால் இதைச் சரிபார்க்காமல் விட வேண்டாம்.

எல்லோரும் எறும்பு மாதிரி ஓடுகிறார்கள்

வேகம் தவறு. கைவசம் உள்ள பழைய டிவிடி பிரதிகளில் முக்கால்வாசிக்கு இதுதான் குறை. ரெகுலர் 8 நொடிக்கு 16 படம், சூப்பர் 8 மௌனப்படம் 18 படம், ஒலிப்படம் 18 அல்லது 24. இவற்றை வீடியோவில் நொடிக்கு 25 படமாக ஓட்டினால் 18-இல் எடுத்தது 39 சதவீதம் வேகமாகவும், 16-இல் எடுத்தது 56 சதவீதம் வேகமாகவும் ஓடும்.

கடிகாரம் வைத்தே கண்டுபிடிக்கலாம். 50 அடி, அதாவது 15 மீட்டர் சூப்பர் 8 ரீலில் 3,600 படங்கள். 18-இல் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. உங்கள் பிரதி 2 நிமிடம் 24 நொடியில் முடிந்தால் அது 25-இல் ஓடுகிறது. ரெகுலர் 8-இல் அதே நீளத்துக்கு 4,000 படங்கள். 16-இல் 4 நிமிடம் 10 நொடி வர வேண்டும்.

ஸ்கேன் செய்பவரிடம் "ஒரு படத்துக்கு ஒரு படம்" என்று கேளுங்கள். இடையில் படம் சேர்த்தோ கலந்தோ தரக் கூடாது. வேகத்தைக் கோப்பின் தலைப்பில் 16 என்றோ 18 என்றோ குறித்தால் போதும். குறிப்பிட்ட வேகம் ஒரு தோராயம்தான் என்பதும் நினைவிருக்கட்டும்: ஸ்பிரிங் சாவி கொடுத்து ஓடும் கேமராக்கள் அவரவர் வேகத்தில் ஓடின. 1963-இல் டல்லஸில் கென்னடி சுடப்பட்டதைப் பதிவுசெய்த ஜப்ரூடரின் 8 மி.மீ. கேமராவைச் சோதித்தபோது 18.3 என்று வந்தது. நடக்கும் கால், குதிக்கும் குழந்தை, ஊற்றும் தண்ணீர் இயல்பாகத் தெரியும் வரை அரையரைப் படமாக மாற்றிப் பாருங்கள்.

வெளிச்சம் படபடக்கிறது, நடுவில் மட்டும் பளிச்சென்று இருக்கிறது

சுவரில் போட்டு மொபைலில் எடுத்த பிரதி. புரொஜெக்டர் ஷட்டரும் மொபைல் கேமராவும் ஒத்துப்போகாததால் படபடப்பு, விளக்கு நடுவில் குவிவதால் பளிச்சு. எந்த ரீலில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட இது போதும், மூலத்துக்குப் பதிலாகாது. மென்பொருளில் திருத்தி நேரம் வீணாக்காமல் சுருளையே ஸ்கேன் செய்யுங்கள்.

கோடுகள், கீறல்கள்

நெடுக ஓடும் கருங்கோடு பெரும்பாலும் அடித்தளப் பக்கக் கீறல். ஒளி சிதறுவதால் கறுப்பாகத் தெரியும். ஈரக்கேட் ஸ்கேனரில் திரவம் கீறலை நிரப்பிவிடும், கோடு மறையும். வெள்ளையாகவோ நிறமாகவோ தெரிவது படப் பூச்சு உரிந்த கீறல். அங்கே திரவம் உதவாது. ரீல் முழுக்க ஒரே ஓரத்தில் அசையாமல் நிற்கும் முடி கேமரா கேட்டில் அன்று ஒட்டியிருந்த முடி. அதை அழிக்க வேண்டாம். எந்தெந்த ரீல்கள் ஒரே நாளில் ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை என்று பின்னால் பொருத்திப் பார்க்க அதைவிட நல்ல அடையாளம் கிடைப்பதில்லை. ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ எரிந்திருப்பது வெயிலில் ரீல் மாற்றியதன் தழும்பு. அதையும் ஸ்கேனில் சேர்த்தே எடுங்கள்.

நிறம் முழுக்கச் செக்கச்செவேல்

சியான் சாயமும் மஞ்சள் சாயமும் வெளிறி மெஜந்தா மட்டும் நிற்கிறது. இருட்டில் வைத்தாலும் நடக்கும் வேதிமாற்றம் இது, சுருளில் திருப்ப முடியாது. கோடக்ரோம் என்றால் (16 மி.மீ.யில் 1935-இலும் 8 மி.மீ.யில் 1936-இலும் வந்தது) நிறம் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மற்றவற்றை 10 பிட் நிற ஆழத்தில் அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்தால்தான் மிச்சமிருக்கும் மெல்லிய சாயத்தை இழுத்துப் பிடிக்க இடமிருக்கும். முதலில் திருத்தாத கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிரதியில் நிறம் திருத்துங்கள்.

ஒலி இல்லை, அல்லது வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம்

ஓரத்தில் பழுப்புப் பட்டை இருந்தால் காந்த ஒலி. அலையலையான கருங்கோடு இருந்தால் ஒளியொலி, அதாவது ஒளி பாய்ச்சிப் படிக்கும் ஒலி. எதுவும் இல்லையென்றால் அது மௌனப்படம், தேட வேண்டாம். ஒலி, தனக்குரிய படத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும்: சூப்பர் 8 காந்தத்தில் 18 படம், 16 மி.மீ. ஒளியொலியில் 26, 16 மி.மீ. காந்தத்தில் 28. வாய் பொருந்தாவிட்டால் அத்தனை படம் நகர்த்துங்கள். சிலர் தனி டேப் ரெக்கார்டரில் விவரிப்புப் பதிந்து வைத்திருப்பார்கள், ஆகவே ரீலோடு ஆடியோ கேசட் எதுவும் வந்ததா என்று கேளுங்கள்.

வீடியோ கேசட்டுகள்

1976-இல் வி.எச்.எஸ். வந்தபின் ஊர் விசேஷங்கள் மெல்லக் கேசட்டுக்கு மாறின. எதைப் போடும் முன்னும் பதிவுத் தடுப்புக் காதை (கேசட் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை) உடையுங்கள். மினிடிவி (சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்), 8 மி.மீ. வீடியோ கேசட்டுகளில் சிறு தாழ் இருக்கும், நகர்த்துங்கள். ஜன்னல் வழியே சுற்றின் விளிம்பில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போட வேண்டாம். அந்த டெக்கில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். பூஞ்சணம் இல்லாவிட்டால் ஒருமுறை முழுக்க முன்னோட்டிப் பின்னோட்டுங்கள், நாடா தளரும்.

ஒலி தெளிவு, படம் மட்டும் பனிமூட்டம்: நாடாவைப் படிக்கும் வீடியோ ஹெட் அழுக்கு. ஒலியைப் படிக்க வேறு ஹெட் இருப்பதால் அது தப்பிவிட்டது. மான்தோல் குச்சியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் தொட்டு, உருளையின்மீது அசையாமல் பிடித்து, உருளையை மறுகையால் சுழற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடியும். பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அதன் இழை சிக்கும். உலர ஐந்து நிமிடம் விடுங்கள்.

படத்தின் மேற்பகுதி கொடிபோல ஒரு பக்கம் வளைந்தால் நாடாவின் இழுவிசை மாறி, காலக்கணக்கு தவறியிருக்கிறது. இடையில் அதைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி வேண்டும். கீழ் ஓரத்தில் சிறு கிழிசல் கோடு எப்போதும் இருக்கும், அது ஹெட் மாறும் இடம், விட்டுவிடுங்கள். ஹைஃபை ஒலி சரசரத்தால் டெக்கில் சாதா மோனோ தடத்துக்கு மாற்றிப் பாருங்கள், பலமுறை அது சுத்தமாக இருக்கும். கீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள். நாடாவின் பசை ஹெட்டில் ஏறுகிறது.

மினிடிவியில் கட்டம் கட்டமாக உடைந்தால், அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று பட்டைகளாக உடைந்தால், இரண்டில் ஒரு ஹெட் அடைத்திருக்கிறது. துடைத்தும் போகாவிட்டால் பதிவுசெய்த அதே கேமராவைத் தேடுங்கள், எல்.பி. எனும் மெதுவான வேகத்தில் பதிந்தவை பிற டெக்குகளில் முரண்டு பிடிக்கும். மினிடிவியை மஞ்சள் (அனலாக் வீடியோ) கம்பி வழியே எடுக்காதீர்கள். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கம்பி வழியே எடுத்தால் நாடாவிலுள்ள தரவே அப்படியே வரும், மணிக்கு சுமார் 13 ஜிபி. படம் எடுத்த தேதியும் நேரமும் சேர்ந்து வரும். டிவிரெஸ்க்யூ மென்பொருள் பல ஓட்டங்களில் கிடைத்த நல்ல பகுதிகளை ஒன்றாக்கும்.

அசைவில் சீப்புப் பல் தெரிந்தால் அது இன்டர்லேஸ்: ஒன்றுவிட்ட வரிகளை மேல்புலம், கீழ்ப்புலம் என இரண்டாகப் பதியும் முறை. மூலக்கோப்பில் விட்டுவைத்து, பார்க்கும் பிரதியில் மட்டும் நீக்குங்கள். நீக்கியபின் அசைவு முன்னும் பின்னும் தள்ளாடினால் புல வரிசை தவறு: மினிடிவி வகைக்குக் கீழ்ப்புலம் முதல், பெரும்பாலான மற்ற கருவிகளுக்கு மேல்புலம் முதல். வி.எச்.எஸ்.ஸை எஸ்-வீடியோ கம்பி வழியே எடுத்து, எஃப்எஃப்வி1 என்ற தரம் இழக்காத வகையில் எம்கேவி கோப்பாக வைப்பது நல்லது; வீரெகார்ட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

கோப்பு இருந்தது, இப்போது திறக்கவில்லை

ஒரே வன்தட்டில் இருந்ததே காரணம். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில். ஸ்கேன் வந்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து எழுதிவையுங்கள். ஆண்டுக்கொருமுறை மறுபடி எடுத்து ஒப்பிட்டால் எந்தப் பிரதி கெட்டது என்று தெரியும். டிஜிட்டல் ஆகிவிட்டதென்று சுருளைத் தூக்கிப் போட வேண்டாம்.

படம் தெளிவு, ஆனால் யார், எங்கே, எப்போது என்று தெரியவில்லை

மற்றெல்லாப் பழுதும் அடுத்த ஆண்டு வரை பொறுக்கும், இது பொறுக்காது. ஆளை அடையாளம் சொல்லக்கூடியவர் எண்பதைக் கடந்திருந்தால், ஸ்கேன் தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சுவரில் எடுத்த மொபைல் பிரதியையாவது முதலில் அவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆண்டு தெரிய, டப்பாவைத் தூக்கி எறியும் முன் ஆறு பக்கமும் புகைப்படம் எடுங்கள். லேப் முத்திரை, தபால் முத்திரை, கைப்பட எழுதிய ஒரு சொல் எதுவும் போகக் கூடாது. கோடக் சுருளின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் இருபதாண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும்: 1936-உம் 1956-உம் 1976-உம் ஒன்றே. படத்தில் மின்கம்பம் இருக்கிறதா, வண்டிப் பதிவெண் எப்படி, பள்ளிக் கட்டடத்துக்கு ஓடா தளமா என்று பார்த்தே மூன்றில் ஒன்றைத் தேர்வுசெய்ய வேண்டும். மினிடிவி தேதியையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம்; பேட்டரி தீர்ந்த கேமரா தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பியிருக்கலாம்.

முகங்களுக்கு: ஒவ்வொரு காட்சியிலும் ஒரு படத்தை நிறுத்தி அச்சிடுங்கள், நேரக்குறியோடு. முதியவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்டால் முதலில் உரக்கச் சொன்னவரின் பெயரே எல்லோருக்கும் சரியாகிவிடும். ஆகவே தனித்தனியே கேளுங்கள், இருவர் ஒத்துச் சொன்னால் உறுதி, ஒருவர் மட்டும் சொன்னால் "இன்னார் சொன்னபடி" என்று எழுதுங்கள். இடமிருந்து வலமாக, நிற்பவர் உட்கார்ந்தவர் என்று பிரித்து எழுதுங்கள். பெயரோடு நிற்காமல் உறவு, வயல் பெயர், கிணற்றுப் பெயர், கையிலிருக்கும் கருவியின் பெயர் எல்லாம் கேளுங்கள். பேசுவதை ஒலிப்பதிவு செய்து, காட்சியின் நேரத்தோடு சேருங்கள். அதன்பிறகு கூட்டாகத் திரையிடலாம்; தனியே கேட்டபோது வராதது கூட்டத்தில் சிரிப்போடு வரும். வீட்டுப்பட நாள் என்ற பெயரில் 2003 முதல் பல நாடுகளில் நடப்பது இந்த வகைத் திரையிடல்தான். அமெரிக்காவில் எச். லீ வாட்டர்ஸ் 1936 முதல் 1942 வரை சிற்றூர்களுக்குப் போய் அங்குள்ள மக்களையே படம் எடுத்து, அதே ஊர்த் திரையரங்கில் காட்டினார். தன் முகம் தெரியுமென்றே மக்கள் வந்தார்கள். அந்த ஆவல் இன்றும் உதவும்: கடந்து போகும் கூட்டக் காட்சியை வெட்டாதீர்கள், நிதானமாக ஓடவிடுங்கள்.

சிலர் பார்க்க மாட்டேன் என்பார்கள். இறந்த பிள்ளை அதில் ஓடலாம், பகையான பங்காளி சிரிக்கலாம். திரையிடும் முன்னே அந்தக் குடும்பத்துக்குத் தனியே காட்டிவிடுங்கள். ரீல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே உரிமை என்று எண்ணிவிடவும் வேண்டாம். பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் போகும். இணையத்தில் ஏற்றும் முன் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் வையுங்கள்.